முனியாண்டியின் எடை

பேத்தியின் காலுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கி வந்தோம் மிஸ். புக்கிட் செந்தோசா வீட்டில் பெட்டியைத் திறந்ததும் தாளுக்குள்ளிருந்து ஒரு சின்னப் பொட்டலம் தரையில் விழுந்தது. உள்ளே மணி மணியாக ஏதோ உருண்டது. மருமகள் அதைக் காலால் குப்பைக்கூடைப் பக்கம் தள்ளினாள். "அதைப் போடாதே" என்று நான் போட்ட அதட்டலில் பிள்ளை மிரண்டுவிட்டது. "அத்தை, அது ஈரம் உறிஞ்சுற கல்லு லா, ஒண்ணுத்துக்கும் ஆகாது" என்றாள் மருமகள். எனக்கே சொல்லித் தருகிறாள். அந்தக் கல்லைச் சட்டியில் போட்டு வறுத்த மனுஷியோடு பழகியவள் நான்.

நீங்கள் போய்விட்டீர்கள் என்று ரவாங்கிலிருந்து ஒருவர் போன் செய்து சொன்னார். உங்கள் உறவுக்காரர் என்றார். சரி என்று வைத்துவிட்டு, இன்னும் இரண்டு பேரிடம் விசாரித்த பிறகுதான் நம்பினேன். நம்பியதும் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். முதலில் விசாரணை, பிறகுதான் அழுகை. என் குணம் உங்களுக்குத் தெரியாததா.

உங்களைப் பார்த்த முதல் நாளே எனக்குப் பிடிக்கவில்லை. எண்பதுகளின் நடுவில் ஒரு வருஷம். எங்கள் தோட்டத்தில் ரப்பரைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டுக்கொண்டிருந்தார்கள். கோயிலும் புதிதாக எழும்பியது. தகரக் கொட்டகை போய்ச் சிமெண்டுக் கோயில், உள்ளே சிமெண்டில் புது முனியாண்டி. பழைய முனியாண்டி மரத்தில் செதுக்கியவர், முதன்முதலில் வந்தவர்கள் ஊரிலிருந்து கப்பலில் கொண்டுவந்தவர் என்று பேச்சு. புதுச் சாமி வந்தால் பழையவரை ஓடுகிற தண்ணீரில் விட்டுவிடுவது எங்கள் வழக்கம். சிலாங்கூர் ஆற்றில் விட நாளும் பார்த்தாயிற்று. அந்த நேரத்தில்தான் நீங்கள் கோலா சிலாங்கூரிலிருந்து வந்து இறங்கினீர்கள். அங்கே மலைமேல் திறக்கப்போகிற சின்ன அருங்காட்சியகத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு என்று சொன்னார்கள். என் வயதுதான் இருக்கும். கொட்டகைக்குள் நுழைந்ததும் எல்லோரும் கும்பிடுவார்கள். நீங்கள் சாமியின் தோள் பக்கம் மூக்கைக் கொண்டுபோய் மோந்து பார்த்தீர்கள்.

பிறகு வாயைத் திறந்தீர்கள். "ஆத்தில விடாதேங்கோ. எங்களிட்டத் தாங்கோ, பத்திரமா வச்சிருப்பம்."

யாழ்ப்பாணத் தமிழ். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அந்தத் தமிழ் காதில் விழுந்தாலே பெரியவர்கள் முதுகை நிமிர்த்தி உட்காருவார்கள், ஏனென்றால் அது கிராணியின் தமிழ். அப்பா காலத்தில் ரப்பர் மரத்தில் வெட்டி இறக்கிக் கொண்டுவந்த பாலைத் தராசில் நிறுத்து எழுதுகிறவர் கிராணி. வாளி நிறையக் கொடுத்தாலும் "தண்ணிக்குக் கழிவு" என்று ஒரு பங்கைக் குறைத்துத்தான் எழுதுவார். பாலில் தண்ணீர் உண்டு, இல்லையென்று யாரும் சொல்லவில்லை. எவ்வளவு தண்ணீர் என்று யாருக்குத் தெரியும்? அவர் வாயில் வந்ததுதான் கணக்கு. அப்பா சாகிறவரை அந்தத் தராசைத் திட்டிக்கொண்டுதான் இருந்தார். உங்கள் அப்பாவும் பக்கத்துத் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர் என்று அன்றைக்கே யாரோ என் காதில் போட்டார்கள்.

அப்படியிருந்தும் கூட்டத்தில் எழுந்து, "மிஸ்ஸுக்கு இரவலாகக் குடுப்போம்" என்று சொன்னவள் நான்தான். உங்கள் மேல் நம்பிக்கை வந்து அல்ல. அதற்கு முந்தின வாரம் கோலாலம்பூரிலிருந்து பழைய சாமான் வாங்குகிறவன் ஒருத்தன் காரில் வந்து எங்கள் கோயில் தலைவரிடம் நெடுநேரம் பேசிவிட்டுப் போனான். தலைவர் தோட்டத்தில் மண்டோர், ஆட்களை வேலைக்கு அனுப்புகிறவர். அவர் மேல் எனக்கு உங்களைவிடச் சந்தேகம். ஆற்றில் விட்டோம் என்று சொல்லி அவர் அந்தக் கார் டிக்கியில் விட்டுவிட்டால் யார் முங்கிப் பார்ப்பது? கமிட்டியில் நான் ஒருத்திதான் பொம்பளை. "சாமிக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என்னைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டேன். 

அதனால் ஒரு வேலை செய்தேன். அனுப்புகிற அன்று லோரியில் ஏற்றுமுன், தோட்டத்து ஸ்டோர் தராசில் சாமியை நிறுத்தே ஆக வேண்டும் என்று நின்றேன். சாமியை நிறுப்பதா என்று பூசாரி முகத்தைச் சுளித்தார். "மாத்தி வச்சிட்டா என்னா செய்வீங்க? மூக்கு முழியெல்லாம் தச்சன் செஞ்சிடுவான். எடையைச் செய்ய முடியுமா?" என்றேன். மண்டோருக்கே அது பிடித்துப்போனது. எல்லோர் முன்னிலையிலும் நிறுத்து, எடையைக் கோயில் சுவரில் கரியால் எழுதினோம். நீங்கள் ஓரமாக நின்று பார்த்தீர்கள், சிரித்துக்கொண்டீர்கள். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தவறாமல் பஸ் பிடித்து உங்களைக் கண்காணிக்க வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா மிஸ்? மலைமேல் லோத்தோங் குரங்குகள் வேலியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். உங்கள் கட்டடத்தில் மட்டும் எல்லா ஜன்னலும் சாத்தியிருக்கும். கடல் காற்று வீசுகிற இடத்தில் ஜன்னலைச் சாத்தி வைக்கிறவள் எதையோ மறைக்கிறாள் என்றுதான் எனக்குப் பட்டது. ஒருநாள் பின்பக்கமாக வந்தபோது நீங்கள் அடுப்பில் இரும்புச் சட்டியை வைத்து எதையோ வறுத்துக்கொண்டிருந்தீர்கள். எட்டிப் பார்த்தேன். ரோசா நிறத்தில் கல் கல்லாக. வறுக்க வறுக்க அது நீலமாக மாறியது.  சாமி இருக்கிற இடத்தில் கல்லை நிறம் மாற்றுகிறாள் என்றால் அது என்ன வேலை?

"ஈரம் குடிச்சா றோஸ். வறுத்தா ஈரம் போய்த் திரும்ப நீலம். கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கிறது" என்றீர்கள், கரண்டியை நிறுத்தாமல்.

அதாவது போகட்டும். சாமி பக்கத்தில் டிக் டிக் என்று ஒரு பெட்டி ஓடிக்கொண்டிருந்ததே, அதற்குள் என்ன என்று கேட்டேன். காற்றில் எவ்வளவு ஈரம் என்று காட்டுகிற கருவி என்றீர்கள். எப்படித் தெரியும் என்றேன். "உள்ளுக்குப் பொம்பிளையின்ர தலைமயிர் இழுத்துக் கட்டியிருக்கு. ஈரத்துக்கு மயிர் நீளும், காய்ஞ்சா சுருங்கும்" என்றீர்கள், கத்தரிக்காய் விலை சொல்கிற மாதிரி. முனியாண்டி முன்னால் பெண்ணின் முடி. நான் தோட்டத்தில் போய் இதைச் சொல்ல, ஒரு வாரத்துக்கு வேறு பேச்சே இல்லை. யாருடைய முடி, உயிரோடு இருக்கிறவளா செத்தவளா என்று பூசாரி என்னைத் துளைத்து எடுத்துவிட்டார்.

திறப்பு விழா முடிந்து கொஞ்ச நாளில் சாமியின் மார்பில் ஒரு வெடிப்பைப் பார்த்தேன். கழுத்துக்குக் கீழே தொடங்கி இடுப்புவரை, நேர்கோடாக.  நான் கேட்குமுன் நீங்களே சொன்னீர்கள், "வெடிப்பு என்ர பிழை. விழாவுக்கு வாற பெரியாக்களுக்கு வேர்க்குமெண்டு குளிர்ப்பெட்டியைப் போட்டு, பின்னேரம் அஞ்சுக்கு நிப்பாட்டினாங்கள். பகலில காயுது, இரவில ஈரம். மரம் என்ன செய்யும்? சண்டை பிடிச்சு இப்ப அந்த அறைக்குக் குளிரே வேண்டாமெண்டு நிப்பாட்டிப்போட்டன்." குளிரா சூடா என்பது பெரிதில்லை, மாறாமல் இருப்பதுதான் பெரிது என்றீர்கள். தப்பை இப்படித் தானாக ஒத்துக்கொள்கிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. அதனாலேயே சந்தேகம் இரண்டு மடங்காயிற்று. பையிலிருந்த பஸ் டிக்கெட்டை எடுத்து மடித்து வெடிப்பில் நுழைத்துப் பார்த்தேன். மறுபடி மடித்தேன். சரியாக இறுகிப் பிடித்த மடிப்போடு அப்படியே பத்திரப்படுத்தினேன், அடுத்த தடவை வெடிப்பு பெரிதாகியிருந்தால் டிக்கெட் தளர்ந்து காட்டிக்கொடுக்கும். நீங்கள் தடுக்கவில்லை. "மெதுவா. தள்ளாதேயும்" என்று மட்டும் சொன்னீர்கள்.

ஆடி மாதம் வந்தது. திருவிழாவுக்குப் பழைய சாமியையும் ஊர்வலத்தில் வைக்க வேண்டும் என்று கமிட்டி முடிவு செய்தது. மண்டோர், பூசாரி, நான், நாலைந்து பேர் லோரியில் வந்தோம். லோரியில் ஸ்டோர் தராசும் வந்தது. உங்கள் வாசலிலேயே சாமியை நிறுத்தோம்.

மூன்று கிலோ குறைவு.

தராசைத் தட்டிப் பார்த்தார்கள். இடம் மாற்றி வைத்தார்கள். மறுபடி நிறுத்தார்கள். மூன்று கிலோ குறைவுதான். மண்டோர் என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "இது நம்ம சாமி இல்லே லா" என்றார் மண்டோர். "நம்மள்து போயிடுச்சு. இது யாரோ செஞ்சு வச்ச பொம்மை."

"மரத்தில இருந்த தண்ணி வெளியேறிப்போட்டுது. அந்த எடைதான் குறைஞ்சது" என்றீர்கள் நீங்கள்.

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் தப்பியிருப்பீர்கள் மிஸ். திருட்டுப் போய்விட்டது என்று சொல்லியிருந்தால்கூடத் திட்டிவிட்டுப் போயிருப்பார்கள். தண்ணீர் என்று சொல்லிவிட்டீர்கள். மண்டோருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. "எங்கப்பன் பாலுக்கும் இதேதான் சொன்னீங்க. தண்ணி, தண்ணின்னு கழிச்சே எங்களைக் கோவணத்தோட வுட்டீங்க. இப்ப சாமியிலயும் தண்ணிக் கழிவா?"

 நீங்கள் மெல்லிய குரலில், "அப்பாட தராசை நீங்கள் மறக்கேல்லை. மறக்கவும் வேண்டாம். ஆனா இது உண்மை" என்றீர்கள். யாரும் கேட்கவில்லை. சாமியைத் தொடக்கூட மாட்டோம் என்று வாசலிலேயே விட்டுவிட்டு லோரி ஏறினார்கள். ஒரு மாதத்துக்குள் நிஜ சாமி வரவில்லையென்றால் போலீஸுக்கும் உங்கள் மேலிடத்துக்கும் போவது என்று முடிவாயிற்று. எனக்குத் தனியாக ஒரு முடிவு. சாமி வரவில்லையென்றால் என் குடும்பத்துக்குக் கோயிலில் இடமில்லை. தோட்டத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். நல்லது கெட்டதுக்கு ஒருத்தர் வாசல் மிதிக்க மாட்டார்கள்.

மறுநாளே தனியாக வந்தேன். கோபம் தலைக்கேறி வந்தேன். "தண்ணிதானே போச்சு? மறுபடி ஊத்துங்க. ரெண்டு வாரம் மழையில வைங்க. எடை திரும்பி வரட்டும், எல்லார் வாயும் அடைஞ்சிடும்" என்றேன். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

"வரும். எடை திரும்பி வரும்" என்றீர்கள். "ஆனா ஊறி, பிறகு காயேக்க அந்த வெடிப்பு முதுகுவரை போகும். என்ர பேருக்காக அவரை நனைக்க மாட்டன்."

"உங்க வேலை போயிடும்."

"போகட்டும்."

"என் மானமும் போகும் மிஸ்."

 நீங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள். திரும்பிப் போகிற பஸ்ஸில் உங்களைக் கண்டபடி திட்டினேன். மரக்கட்டைக்காக மனுஷியை விட்டுக்கொடுக்கிறாளே என்று பொருமினேன். பாதி வழியில் இன்னொன்று தோன்றியது. திருடியவளாக இருந்தால் நனைக்கத்தானே ஒத்துக்கொள்வாள்? எந்தப் பொம்மையையும் ஊறவைத்து எடை ஏற்றலாமே? அப்படி நினைத்ததுமே, அதுவும் உங்கள் தந்திரமோ என்றும் தோன்றியது. வீடு வரும்வரை இப்படியே போனது.

அன்றைக்குப் பழைய கொட்டகைப் பக்கமாக நடந்தபோதுதான் பீடம் கண்ணில் பட்டது. முனியாண்டி நின்ற மரப்பீடம். சாமி போன பிறகு அது அங்கேயே மழையில் கிடந்தது. சாமியும் பீடமும் ஒரே மரம், ஒரே ரேகை. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் சொன்னது உண்மையென்றால் இதுவும் அந்த அறையில் இளைக்க வேண்டும். பொய்யென்றால் இளைக்காது. சாமியைத் தொடவே வேண்டாம்.

மண்டோரைக் கையோடு கூட்டிவந்து பீடத்தை நிறுத்தேன். யாரும் மாற்றிவிடாதபடி மஞ்சள் கயிற்றால் சுற்றிக் கட்டி, முடிச்சில் மண்டோரையே குங்குமத்தைக் குழைத்து அப்பச் சொன்னேன். அவர் கெடுவைத் தள்ளிப்போட ஒத்துக்கொண்டார். உங்களைக் கையும் களவுமாகப் பிடிக்கிற ஆசைதான் காரணம். எனக்கும் அப்போது பாதி அந்த ஆசைதான். உங்கள் வாசலில் பீடத்தைக் கொண்டுவந்து இறக்கியதும் நீங்கள் கயிற்றையும் குங்குமத்தையும் பார்த்தீர்கள், உங்கள் முகம் வாடிப்போனது. "சரி, வையுங்கோ. ஆனா சாமிக்குப் பக்கத்தில வேண்டாம், ஈரம் அவருக்கு அடிக்கும்" என்று ஒதுக்கி வைக்கச் சொன்னீர்கள். முதலில் சில நாள் கதவோரம், பிறகு கொஞ்சம் உள்ளே, பிறகு நடு அறை. புது மருமகளைப் பழக்குகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினீர்கள். சாமிக்கு அவசரத்தில் செய்யாததை அதற்குச் செய்தீர்கள்.

மாதங்கள் போயின. பாகான் நக்கோடா ஓமார் கிராமத்துப் பக்கமிருந்து மழை ஏறி வந்த ஒரு பகலில் மறுபடி எல்லோரும் தராசைச் சுற்றி நின்றோம். மண்டோர் குனிந்து முடிச்சை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். அவர் அப்பிய குங்குமம்தான். தூக்கி வைத்தார்கள். பீடம் இளைத்திருந்தது. பருமனுக்கு ஏற்றபடி பார்த்தாலும் சாமி அளவுக்கு இல்லை. ஆனால் யார் கண்ணுக்கும் தெரிகிறபடி முள் கீழே நின்றது. வெடிப்பு ஒன்றுகூட விழவில்லை.

 பூசாரி தொண்டையைக் கனைத்தார். "சாமி பீடத்தைவிட ஜாஸ்தியா எளைச்சதுக்குக் காரணம் இருக்கு" என்றார். "அனுப்புறதுக்கு முன்னே ஒரு மண்டலம் தினமும் குடம் குடமா தண்ணியும் பாலும் ஊத்தினேன். திரும்பி வருமோ வராதோன்னு, மனசு கேக்கலே. நனைக்காதீங்கன்னு மிஸ் சொன்னாங்கதான். ஆபீஸ்ல இருக்கிற ஒரு ஆளு சொல்லி, சாமிய காயப்போட்டா அனுப்புறது?"

மண்டோர் பூசாரியை முறைத்தார். பிறகு உங்களைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. "சாமிக்கு இந்த எடம் பழகிடுச்சு போல. இங்கேயே இருக்கட்டும்" என்றார். வெளியே போகுமுன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து முனியாண்டி முன்னால் விழுந்து கும்பிட்டார். அது போதும் என்று நீங்கள் பிறகு சொன்னீர்கள். எனக்குப் போதவில்லை, அது வேறு.

எல்லோரும் லோரியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். என்னை நிறுத்தி, "இப்பவாவது என்னை நம்புறீரா?" என்று கேட்டீர்கள்.

"இல்ல மிஸ். தராசத்தான் நம்புறேன்."

நீங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. "நம்பினவை ஒருத்தரும் பிறகு எட்டிப் பார்க்கிறேல்லை. திறப்பு விழாவுக்கு வந்தவை எல்லாரும் என்னை நம்பினவைதான். நீர் நம்பவேண்டாம். ஆனா வாரும்."

வந்தேன். நீங்கள் மாற்றலாகிப் போன பிறகும் வந்தேன், தோட்டத்தை மூடி எங்களையெல்லாம் புக்கிட் செந்தோசா வீடுகளுக்கு அனுப்பிய பிறகும் வந்தேன். அந்தப் பஸ் கம்பெனிகூட இப்போது இல்லை. மடித்த டிக்கெட் மட்டும் இருக்கிறது. தாளும் ஈரம் குடித்தால் தடிக்கும், அளவு பொய் சொல்லும். அது நீங்கள் சொல்லிக்கொடுத்தது. அதனால் பிஸ்கட் டின்னில் போட்டு, கையில் கிடைக்கிற கல் பொட்டலத்தையெல்லாம் உள்ளே போட்டு வைத்திருக்கிறேன். பேத்தியின் சப்பாத்துப் பொட்டலமும் அங்கேதான் போயிற்று.

போன வெள்ளிக்கிழமை மகன் காரில் கொண்டுபோய் விட்டான். இப்போது பொறுப்பில் இருப்பவர் ஒரு தமிழ்ப் பையன். உள்ளே நுழைந்ததும் முதலில் மோந்து பார்த்தேன். பூஞ்சை வாடை இல்லை. "சாயங்காலம் மெஷினை நிப்பாட்டுறீங்களா?" என்று கேட்டேன். "இல்ல ஆன்ட்டி, எல்லாம் ஆட்டோ. போன்லயே பார்த்துக்கலாம்" என்று ஏதோ எண்களைக் காட்டினார். முடி இல்லாத கருவி. டிக்கெட்டை எடுத்ததும் தயங்கினார். "அவரை இங்க வச்ச மிஸ் செத்துப் போயிட்டாங்க தம்பி. அவங்க இருந்தா தடுக்க மாட்டாங்க" என்றேன்.  அவர் விலகி நின்றார்.

மெதுவாக, தள்ளாமல் நுழைத்தேன். அதே மடிப்பு, அதே இறுக்கம். நீங்கள் விட்டுப்போன இடத்தில் முனியாண்டி அப்படியே நிற்கிறார் மிஸ்.

"ஓகேயா ஆன்ட்டி?" என்றார் பையன்.

"இன்னைக்கு ஓகே. அடுத்த மாசமும் வருவேன்."

"என்னை நம்பலையா?"

"இல்ல தம்பி" என்றேன்.